நேட்டா மட்டக் கியனமாம் நான்

பைல் நாடு, கொல்லிமலை
தை மாதம், திங்கட்கிழமை

கண்ணு தேன்மொழிக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் எட்டுக்கை அம்மன் காவலில் கை கால் ஓடியாடிக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறோம், அவருக்கு மட்டும் பனி இறங்கினால் இடது முட்டி பிடித்துக்கொள்கிறது, அதையும் செம்மேடு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டுச் சந்தோஷமாகத் திரும்பி வருகிறார். நீயும் மாப்பிள்ளை முரளியும் அந்த வான்கூவரில் வேளைக்குச் சாப்பிட்டு நோய் நொடி அண்டாமல் இருந்தால் அதுவே எங்களுக்குப் போதும். மிளகு இந்த வருஷம் நன்றாகப் பிடித்திருக்கிறது. குச்சிக்கிழங்கைக் காட்டுப்பன்றி பாதி தின்றுவிட்டது, மீதியை நாங்கள் தின்கிறோம். போனில் பேசாமல் இந்தக் காலத்தில் கடிதம் எழுதுகிறாளே என்று மாப்பிள்ளை கேட்டால் காரணத்தை நீயே சொல்லிவிடு. உன் அப்பா போனைக் காதில் வைத்துப் பேசுகிற மனுஷனா. ஸ்பீக்கரில் போட்டு வாசல் கல்மேல் வைத்து ரோட்டில் போகிறவர்களையும் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொண்டுதான் பேசுவார். எனக்கு வருகிற வாட்ஸப்பையும் எனக்கு முன்னால் அவர் பார்த்துவிடுகிறார். நல்லவேளை, நீ அந்தக் கேள்வியை ஸ்வெட்டர் பார்சலில் கைக்குள் மடித்து வைத்து அனுப்பினாய். ஸ்வெட்டர் அளவாக இருக்கிறது, கலர் மட்டும் கொஞ்சம் அடிக்கிறது.

நீ இரண்டு கேட்டிருந்தாய். நீங்கள் புதிதாக எடுத்த படம் எப்படி இருந்தது என்பது ஒன்று. இதற்கு மூலமான அந்தப் பழைய படத்தில் நான் போட்ட கூச்சலை உன் கம்ப்யூட்டரில் பின்னாலிருந்து முன்னால் ஓட்டிக் கேட்டுவிட்டாயாம், அதை அடுத்த மாதம் சென்னையில் உங்கள் படத்துக்கு நடக்கிற விழாவில், அப்பாவை முன் வரிசையில் உட்கார வைத்து, எல்லோரும் கேட்க நேராகப் போட வேண்டும் என்று உன் மேலதிகாரி ஒற்றைக் காலில் நிற்கிறாராம், போடட்டுமா அழித்துவிடட்டுமா என்பது இரண்டாவது. முதல் கேள்விக்குப் பதில் சொல்வது சுலபம், அதனால் அதை முதலில் எழுதுகிறேன்.

போன வாரம் படம் பார்க்க நாமக்கல்லுக்குப் போனோம். எழுபது வளைவும் இறங்கி, அதில் நாற்பதாவது வளைவிலேயே உன் அப்பா இட்லியை ஜன்னல் வழியாகக் காட்டுக்குத் தானம் செய்துவிட்டு, தியேட்டருக்குள் போய் உட்கார்ந்தோம். கண்ணு, நீ ராத்திரி பகலாக உழைத்த படம், காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள், அதனால் நான் பல்லைக் கடித்துக்கொண்டு நல்லதைத் தேடிப் பார்த்தேன். முதலில் பெயரைச் சொல்கிறேன். பழைய படத்துக்கு கோள் ஏழு என்று எழுத்தில் பெயர் வைத்தார்கள், நீங்கள் அந்த ஏழு என்ற சொல்லை எண்ணாக மாற்றி கோள் 7 என்று வைத்திருக்கிறீர்கள். கதையில் செய்த புதுமையும் ஏறக்குறைய அவ்வளவுதான் என்று எனக்குப் பட்டது. முதல் பத்து நிமிஷத்தில் மூன்று உலகம் வெடித்துச் சிதறுகிறது. ஒவ்வொன்றிலும் எத்தனை கோடிப் பேர் செத்தார்களோ, பக்கத்து சீட்டில் ஒரு ஆள் பாப்கார்ன் தின்பதைக்கூட நிறுத்தவில்லை. அப்புறம் ஒரே இருட்டு. உன் அப்பா என் காதில், ஏனுங்க அம்மிணி, கரண்டு போயிருச்சா, படமே இப்படித்தானா என்று கேட்டார். நான் சும்மா இருங்க, இதுதான் இப்பத்த பாணி என்று அடக்கி வைத்தேன்.

அந்த வேற்றுக்கிரகத்துக்காரி நாற்பதடி உயரம் இருக்கிறாள். கண்கள் ஒன்று வடக்கே ஒன்று தெற்கே பார்க்கின்றன. அவள் வாயைத் திறந்தால் அரை மணி நேரத்துக்கு மூடுவதில்லை, கீழே எழுத்தில் அர்த்தம் ஓடுகிறது, அன்புதான் அண்டத்தின் மொழி, மன்னிப்புதான் பெரிய ஆயுதம் என்று. அங்கன்வாடிச் சுவரில் முப்பது வருஷமாக நானே இதைவிட நல்ல வாசகமெல்லாம் எழுதி வைத்திருக்கிறேன். கொல்லிமலையில் நடக்கிற கதை என்று போட்டுவிட்டு, இங்கே ஒரு ஆள் வந்து எட்டிப் பார்க்கவில்லை. வாசலூர்பட்டிப் பாறைமேல் விடிந்தால் தானாக வந்து உட்காருகிற மூடுபனியை நீங்கள் எட்டு மாசம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து செய்தீர்களாமே, நீ எழுதியிருந்தாய். ஒரு போன் பண்ணியிருந்தால் இரண்டு சாக்கு கட்டி அனுப்பியிருப்பேன். அதைக்கூட மன்னித்துவிடுவேன். அந்த அட்டைப்பூச்சியை மன்னிக்க மாட்டேன். பஸ் அளவுக்கு ஒரு அட்டையைச் செய்தீர்களே, அது பாம்பு மாதிரி நெளிந்து போகிறது. அட்டை என்றைக்காவது நெளிந்து போகுமா. வாயை ஊன்றி வாலை இழுத்து, வாலை ஊன்றி வாயை நீட்டி, துணிக்கடைக்காரன் முழம் போடுகிற மாதிரி அல்லவா போகும். எனக்கு முன் சீட்டில் நம் மலைக்காரர்கள் நாலு பேர் இருந்தார்கள், அந்த இடத்தில்தான் படம் தொடங்கியதிலிருந்து முதல் முறையாகச் சிரித்தார்கள். கடைசியில் எல்லார் பெயரும் ஓடியதே, அதில் உன் பெயர் வந்த நாலு நொடியில் உன் அப்பா எழுந்து நின்று கை தட்டினார். அப்போது தியேட்டரில் இருந்தவர்கள் நாங்கள் இரண்டு பேரும், துடைப்பத்தோடு வந்த இரண்டு பேரும்தான். அவர்களும் மரியாதைக்குத் தட்டினார்கள்.

உன் ஆபீஸில் ஒருவர் சொன்னதாக எழுதியிருந்தாய், பழைய படம் ஒன்றும் பிரமாதமில்லை, ஜனங்களுக்குப் பழசு என்றால் ஒரு கிறுக்கு, அதனால்தான் அது நாற்பது வருஷம் தாண்டி நிற்கிறது என்று. பழசு பிரமாதம் என்று நான் எங்கே சொன்னேன். அந்தப் படத்தின் லட்சணம் எனக்குத் தெரிகிற அளவுக்கு அவருக்குத் தெரியுமா. விண்கலம் என்று அவர்கள் நம் மலையில் பறக்கவிட்டது கல்யாணப் பந்தியில் சோறு வடிக்கிற அண்டா இரண்டைக் கவிழ்த்து ஒட்டியது. அதைக் கட்டி இழுத்த கயிறு திரையில் அப்படியே தெரியும். அந்தக் கயிறு நம் வீட்டு மாட்டுக் கயிறு. எங்களுக்கெல்லாம் அப்போது கோள் என்றால் கிரகம் என்று தெரியாது, கோள் மூட்டுவதைப் பற்றிய படம், ஏழு தடவை மூட்டுகிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டிருந்தோம். வேற்றுக்கிரகத்துக்காரியாக நடிக்க மெட்ராஸிலிருந்து ஒரு பெண்ணைக் கூட்டி வந்தார்கள். இரண்டாம் நாள் அவள் காலில் ஒன்பது அட்டை கடித்தது, மூன்றாம் நாள் காலை பஸ்ஸுக்கு அவள் கிளம்பிவிட்டாள். நான் அவர்களுக்குக் குச்சிக்கிழங்கு அவித்துக் கூடையில் கொண்டு போனவள். பதினெட்டு வயசு, உயரம், நடிகைக்குத் தைத்த ஜிகினாச் சட்டை எனக்குச் சரியாக இருந்தது. இதுதான் நான் சினிமாவுக்குப் போன கதை. யாரும் என் திறமையைக் கண்டுபிடிக்கவில்லை, சட்டை அளவுதான் கண்டுபிடித்தது.

இந்த இடத்தில்தான் உன் இரண்டாவது கேள்வி வருகிறது. படத்தில் நான் ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினேன். அதுவும் ஷூட்டிங் முடிந்த பிறகு பாறைக்குப் பின்னால் டேப் மெஷின் வைத்துத் தனியாக எடுத்தார்கள். டைரக்டரும் மெஷின்காரரும் நானும் மட்டும். டைரக்டர் சொன்னார், அம்மா, உன் வயித்துக்குள்ள யார்கிட்டயும் சொல்ல முடியாம எது கெடக்கோ அதைக் கத்து, நாங்க டேப்பைத் தலைகீழா ஓட்டிடுவோம், சாமிக்குக்கூடப் புரியாது என்று. எனக்கு அப்போது வயிற்றுக்குள் ஒன்றுதான் கிடந்தது. டீச்சர் டிரெயினிங்குக்கு மனு வாங்கி வைத்திருந்தேன், என் அப்பா அதை அடுப்பில் போட்டுவிட்டு, அடுத்த மாதம் உனக்கும் மாணிக்கத்துக்கும் கல்யாணம் என்று சொல்லியிருந்தார். உன் அப்பா எனக்கு அத்தை மகன், எங்கள் பக்கம் அத்தை மகனையும் மாமன் என்றுதான் சொல்வது, அது உனக்குத் தெரியும். நான் கண்ணை மூடிக்கொண்டு, நான் மாமனைக் கட்ட மாட்டேன் என்று கத்தினேன். மலையே திரும்பிச் சொன்னது. மெஷின்காரர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார், அப்புறம் டைரக்டரைப் பார்த்தார். டைரக்டர், அருமை, இன்னொரு தடவை வேண்டாம் என்றார். இரண்டு பேருக்கும் தமிழ் தெரியும், இரண்டு பேரும் நேராகக் கேட்டார்கள், இரண்டு பேருக்கும் அது ரொம்பப் பிடித்திருந்தது. டேப்பைச் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார்கள். சொன்னபடி எனக்கு அடுத்த மாதம் கல்யாணம் நடந்தது.

திருப்பி ஓட்டினால் அது நேட்டா மட்டக் கியனமாம் நான் என்று வந்தது. அதற்கு ஜனங்கள் கட்டிவிட்ட அர்த்தத்தைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா என்று இருக்கும். நேட்டா அவள் பெயராம், மட்டக் அவள் கிரகமாம். கியனமாம் என்றால் சமாதானம் என்று ஒரு மொழி ஆராய்ச்சிப் பேராசிரியர் கண்டுபிடித்து, உங்கள் புதுப் படத்துக்காக அதிலிருந்து இலக்கணம் செய்து இருநூறு சொல் கொடுத்திருக்கிறாராமே. பாவம், நன்றாகப் படித்தவர். கடைசியில் வருகிற நான் என்பது முன்னாலிருந்து சொன்னாலும் பின்னாலிருந்து சொன்னாலும் நான்தானே, விகடகவி மாதிரி, அது திரும்பவே இல்லை. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு வேற்றுக்கிரகத்தில் இருப்பவர்களும் தமிழர்கள்தான் என்று யூடியூபில் ஒருவர் மூன்று மணி நேரம் நிரூபித்திருக்கிறார். செம்மேட்டுச் சந்தையில் பனியன் தொங்குகிறது, நெஞ்சில் நேட்டா மட்டக் கியனமாம் என்று போட்டு. படகு சவாரிக்கு வருகிற டூரிஸ்ட்காரர்கள் அதைப் போட்டுக்கொண்டு வந்து என்னோடு போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு புதுமாப்பிள்ளை அதைப் போட்டுக்கொண்டு பெண்டாட்டியோடு வந்து நின்றான். என்னால் முகத்தை நேராக வைத்துக்கொள்ள முடியவில்லை.

இதனால்தான் சொல்கிறேன், பழைய படம் நல்ல படம் என்பதால் நிற்கவில்லை. அதில் அண்டா பொய், ஜிகினா பொய், கதை பெரும் பொய். ஒரே ஒரு இடத்தில் ஒருத்தி நிஜமாகக் கத்தியிருக்கிறாள், என்ன கத்துகிறாள் என்று தெரியாமலேயே அது ஜனங்களுக்கு உறைத்திருக்கிறது. நீயே எழுதியிருக்கிறாயே, பம்பாயிலிருந்து பெரிய நடிகையைக் கொண்டுவந்து பதினாலு தடவை பேச வைத்தும் அந்தப் பழைய கூச்சல் மாதிரி வரவில்லை, அதனால்தான் அதில் என்னதான் இருக்கிறது என்று திருப்பிப் பார்த்தோம் என்று. எப்படி வரும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். நாளைக்கு இன்னும் பெரிய கம்ப்யூட்டர் வரும், கோள் 7 என்பதைப் பார்த்து அப்போது இருக்கிறவர்கள் சிரிப்பார்கள், அண்டாவைப் பார்த்து நாம் சிரிக்கிற மாதிரி. அன்றைக்கு உங்கள் படத்தில் ஒட்டிக்கொள்ள ஒரு மனுஷக் குரல் இருக்குமா என்றுதான் யோசிக்க வேண்டும். கோபித்துக்கொள்ளாதே, கேட்டாய், சொன்னேன்.

ஆனால் சாமி, இது உன் அப்பாவுக்குத் தெரியாது. கல்யாணமாகி ஒரு மாசத்தில் ராசிபுரத்தில் படம் வந்தது. புதுப்பெண்ணைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பார்த்தார். நான் திரையில் கத்தினபோது தியேட்டரிலேயே முதலில் கை தட்டியது அவர்தான். அன்றைக்கு வாயில் பிடித்துக்கொண்டவர் இன்றுவரை விடவில்லை. ஆட்டைக் கூப்பிட நேட்டா மட்டக். டிராக்டர் கிளம்பாவிட்டால் நேட்டா மட்டக். உன்னைத் தூளியில் போட்டு ஆட்டினபோதும் கியனமாம் கியனமாம் என்றுதான் தாலாட்டினார். நான் அடுப்படியில் நின்றுகொண்டு, என் வாயால் உங்களைக் கட்ட மாட்டேன் என்று சொன்னதை நீங்களே உங்கள் பிள்ளைக்குப் பாடுகிறீர்களே என்று உள்ளுக்குள் எரிந்துகொண்டிருப்பேன். முதல் சில வருஷம் அது எரிச்சல்தான், அப்புறம் பழகிவிட்டது, அப்புறம் எப்போதோ அதைக் கேட்டால் அவர் வீட்டுக்கு வந்துவிட்டார் என்று மட்டும் தோன்ற ஆரம்பித்தது. எந்த நாளில் மாறியது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. நான் அங்கன்வாடி வேலைக்குப் போகக் கூடாது என்று என் மாமியார் மூன்று நாள் பட்டினி கிடந்தபோது, கிடக்கட்டும், பசிச்சா சாப்புடுவாங்க என்று சொன்னவர் உன் அப்பா. வேண்டாம் என்று நினைத்துக் கட்டிக்கொண்ட மனுஷனை ஊரார் முன்னால் இந்த வயசில் தலைகுனிய வைக்க எனக்கு மனசு வரவில்லை. அதனால் அழித்துவிடு. உன் மேலதிகாரி கேட்டால் கிழவி சம்மதிக்கவில்லை என்று சொல். இதுதான் என் பதில். நாளைக்கு செம்மேடு போய்த் தபாலில் போட்டுவிடுகிறேன்.

புதன்கிழமை. தபாலில் போடவில்லை. கெட்டது குடி. விழா மேடையில் இரண்டு வார்த்தை பேசச் சொல்லியிருக்கிறார்களே, நேற்று மத்தியானம் உன் அப்பா அதற்கு ஒத்திகை பார்க்க ஆரம்பித்தார். புது வேட்டியைக் கட்டிக்கொண்டு நம் கோழிகளுக்கு முன்னால் நின்று, சபையோரே, இந்த வாக்கியத்துக்கு எல்லாரும் என்னென்னமோ அர்த்தம் சொல்றாங்க, எனக்குத்தான் தெரியும், அப்ப எங்களுக்குக் கல்யாணம் நிச்சயமாகி இருந்துச்சு, என்ர சம்சாரம் என்னைய நெனைச்சுத்தான் அப்படிக் கத்துனாங்க என்று பேசுகிறார். அதில் பொய் என்று சொல்லவும் ஒன்றுமில்லை பார். நான் முறத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்ச் சிரித்தேன், சிரித்துக்கொண்டே இருக்கும்போது எனக்குத் திக்கென்றது. நீ டேப்பை அழித்தாலும் இந்த மனுஷன் மேடையேறி இதைச் சொல்லத்தான் போகிறார், அர்த்தம் தெரிந்த உன் மேலதிகாரியும் இன்னும் எத்தனை பேரும் கேட்டுவிட்டு உள்ளுக்குள் சிரிக்கத்தான் போகிறார்கள். விஷயம் தெரியாத ஒரு ஆளை நாற்பத்திரண்டு வருஷம் வீட்டுக்குள் வைத்திருக்கலாம், மேடையில் ஏற்றக் கூடாது. நான்தான் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தேன்.

எப்போது சொல்வது என்று பார்த்து இன்றைக்குக் காலையில் மிளகு பறிக்கும்போது சொன்னேன். அவர் மூங்கில் ஏணியில் இருபதடி மேலே, நான் ஏணியின் அடியைப் பிடித்துக்கொண்டு கீழே. அவர் முகத்தைப் பார்க்காமல் சொல்லலாம், அவரும் எழுந்து போய்விட முடியாது என்று எனக்குத் தோன்றியது. மேலே இருக்கிற ஆளுக்கு அதிர்ச்சி கொடுத்தால் விழுவாரே என்று தோன்றாதது என் புத்திசாலித்தனம். டைரக்டர் கேட்டது, நான் கத்தினது, டேப்பைத் திருப்பினது எல்லாவற்றையும் சொன்னேன். மேலேயிருந்து மிளகுச் சரம் விழுவது நின்றுவிட்டது. அப்புறம் அவர் கேட்டார், எந்த மாமனை என்று. அத்தனை உயரத்தில் நின்றுகொண்டு அந்த ஒரு சொல்லில் தொங்கிக்கொண்டிருக்கிறார். என் அம்மா பிறந்த வீட்டிலும் எனக்கு இரண்டு மாமன்மார் உண்டு, காளியண்ணன் மாமனைக்கூட ஒரு காலத்தில் எனக்குப் பேசினார்கள், அவர் தலையில் போட்டிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். வாய் வரைக்கும் வந்தது. நீங்கதாங்க என்று சொல்லிவிட்டேன். அவர் மீதி மிளகையும் பறித்தார். இறங்கி வந்து ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை. மூன்று நாளாக வீட்டில் பேச்சில்லை. சாப்பாடு போட்டால் சாப்பிடுகிறார், சுடுதண்ணீர் வைத்தால் குளிக்கிறார், போன் அடித்தால் எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார், ஸ்பீக்கர்கூட இல்லை. வெள்ளிக்கிழமை நீ கூப்பிட்டபோது அப்பா எங்கே என்று கேட்டாயே, பக்கத்தில்தான் இருந்தார். முரளியைக் கட்டிக்கொள்கிறேன் என்று நீ போனில் நேராகச் சொன்னபோதும் இப்படித்தான் மூன்று நாள் இருந்தார், அவருக்கு எதுவும் உள்ளே இறங்க அவ்வளவு நாள் ஆகும், அது தெரிந்தும் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. நேட்டா மட்டக் நின்றுபோனதில் ஆடுகளுக்குத்தான் பெரிய குழப்பம். வியாழக்கிழமை சாயங்காலம் இவர் வெறுமனே சீழ்க்கை அடித்துக் கூப்பிட, அவை பாறைமேல் நின்றுகொண்டு யாரோ வந்திருக்கிறான் என்று பார்த்தன. கடைசியில் நான் போய் அந்த வாக்கியத்தை மெதுவாகச் சொல்லி ஓட்டி வந்தேன். நாற்பத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு என் வாயால் அதைச் சொன்னது அப்போதுதான், அதுவும் தலைகீழாக, ஆட்டுக்கு.

இன்றைக்குக் காலையில் சாமைச் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார், ஏனுங்க, இன்னைக்கு அந்த மெஷினை மறுபடி கொண்டாந்து வெச்சா என்னன்னு கத்துவீங்க என்று. அவர் என்னை ங்க போட்டுப் பேசுவது கோபத்திலா மரியாதையிலா என்று எனக்கு இன்னமும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. நீங்கள் பழைய படத்துக்கு எடுத்த மாதிரி எனக்கும் ஒரு மறுபதிப்பு எடுக்கக் கிடைத்தது பார். அன்புதான் அண்டத்தின் மொழி என்று நானும் சொல்லியிருக்கலாம், அவரும் ஒரு தட்டுக் கூடுதலாகச் சாப்பிட்டிருப்பார். ஆனால் கேட்கிற முகத்தைப் பார்த்தால் பொய் சொல்ல முடியவில்லை. அந்த வயசுல நின்னா அதையேதாங்க கத்துவேன், இந்த வயசுல எனக்குக் கத்தறதுக்கு ஒண்ணுமில்லீங்க என்றேன். அவர் சோற்றைப் பிசைந்தார். சாப்பிட்டு முடித்து, கையைக் கழுவி, துண்டில் துடைத்துக்கொண்டு சொன்னார். புள்ளைகிட்டச் சொல்லிருங்க, அதை நேராவே போடட்டும், நான் முன் வரிசையிலயே உக்காந்து கேக்கறேன், அன்னைக்கு நாடே கேட்டுது, கேக்க வேண்டிய நான் கேக்கல என்று. சொல்லிவிட்டு ஆட்டை அவிழ்க்கப் போய்விட்டார்.

ஆகவே முதலில் எழுதியதை அடித்துவிட்டேன் என்று வைத்துக்கொள். அழிக்காதே. நேராகப் போடச் சொல், சுத்தம் பண்ணுகிறேன் என்று குரலில் யாரும் கை வைக்க வேண்டாம், மலை திரும்பிச் சொன்னதும் அதில் இருக்கட்டும். அந்தப் பேராசிரியருக்கு மட்டும் முன்கூட்டியே தனியாகச் சொல்லிவிடு, இருநூறு சொல் செய்தவர், சபையில் வைத்து அவருக்கு ஏதாவது ஆகிவிடப் போகிறது. அப்பா மேடையில் என்ன பேசுவார் என்று எனக்குத் தெரியாது, கேட்டதற்கு அதை நான் பாத்துக்கறேன் என்றார், கோழிகளுக்கும் சொல்லவில்லை.

நீயும் மாப்பிள்ளையும் மனசு ஒத்து, கை நிறைய வேலையும் வயிறு நிறையச் சோறுமாக நீண்ட நாள் இருக்க எட்டுக்கை அம்மன் கூடவே நிற்கட்டும். விழாவுக்கு வரும்போது அப்பா முட்டிக்குப் போடுகிற அந்தப் பட்டையை மறக்காமல் வாங்கி வா, சின்ன அளவு வேண்டாம். இன்னொன்று, இதை நீ படித்துவிட்டு உன்னோடு வைத்துக்கொள்ள வேண்டும். அவர் ஆட்டை ஓட்டிக்கொண்டு வேலியைத் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அறுபது வயசில் முதல் முறையாக, இந்த மாமனைக் கட்டிக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றியது. அப்பாவிடம் சொல்லிவிடாதே, தலையில் ஏறிக்கொள்வார்.

உன் வரவைப் பார்த்திருக்கும் அம்மா,
மா. பாவாயி